ஐந்து மணிக்கு மேல் யாரும் வருவதில்லை

அனுப்புநர்
நெரெய்டா வியாசென்யோர்,
மாலை வகுப்பு மாணவி (உடற்கூறியல்),
2, ஆல்டர் தெரு, பின்கட்டு,
லாஸ் கார்சாஸ், கலிஃபோர்னியா.

பெறுநர்
திரு. வெண்டெல் ஓஸ்டர்கார்டு அவர்கள்,
தலைவர், அறங்காவலர் குழு,
லாஸ் கார்சாஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டம்.

பொருள்: மாலை வகுப்பு மாணவர்களின் பிள்ளைகளுக்கான அறையை இம்மாத இறுதியோடு மூடும் முடிவு – அம்முடிவு அடங்கிய சமவாய்ப்புத் திட்டத்தை நவம்பர் 18 கூட்டத்தின் ஒப்புதல் பட்டியலிலிருந்து தனியே எடுத்து விவாதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. 'அனைவரும் கரையேற' என்று தலைப்பிட்ட, மூன்றாண்டுகளுக்கான மாணவர் ஆதரவு மற்றும் சமவாய்ப்புத் திட்டம் (வரைவு).
2. மேற்படி வரைவின் அட்டைப் படம்.
3. அக்டோபர் மாதம் நான் கல்லூரிக்கு அனுப்பிய இரு கடிதங்கள்.
4. அவற்றுக்கு வந்த, "உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்" என்ற தானியங்கிப் பதில் (இரு பிரதிகள், இரண்டும் ஒன்றே).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கூட்டத்துக்கு நேரில் வந்து பேச எனக்கு மூன்று நிமிடம் தரப்படும் என்று அறிகிறேன். கூட்டம் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு. என் ஆய்வுக்கூட வகுப்பும் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு. ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் மூன்று நிமிடத்தைத் தாண்டிவிடுவேன், பொறுத்தருள வேண்டும்.

1. எனக்கு வயது முப்பத்து நான்கு. பகலில் ஆறாம் சாலையிலுள்ள மாண்டரின் ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. இயந்திரப் பட்டையில் ஓடி வரும் பழங்களில் அடிபட்டதையும் அழுகியதையும் பொறுக்கி எறிய வேண்டும். தங்கள் தோட்டத்துப் பழங்களும் எங்கள் கொட்டகைக்குத்தான் வருகின்றன. அவற்றில் அடிபட்டது குறைவு. இதை முகஸ்துதியாகக் கொள்ள வேண்டாம். உண்மை என்பதால் சொன்னேன்.

மாலையில் தங்கள் கல்லூரியில் படிக்கிறேன். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க எனக்கு இன்னும் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. அது உடற்கூறியல். அதன் ஆய்வுக்கூட வகுப்பு செவ்வாயும் வியாழனும் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நடக்கிறது. டிசம்பர் நடுவில் செய்முறைத் தேர்வு. எனக்கு ஐந்து வயதில் இட்செல் என்று ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய தந்தையைப் பற்றி இம்மனுவில் கூறுவதற்கு எதுவுமில்லை. அவரும் எங்களைப் பற்றி எங்கும் கூறுவதாகத் தெரியவில்லை.

2. பழைய நூலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மாலை அறை என்று ஒன்று இருக்கிறது. மாலை வகுப்புக்கு வரும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம். அறைப் பொறுப்பாளர் திருமதி சொக்கோரோ இன்யிகெஸ். எங்களுக்கு அவர் சொக்கோரோ அம்மா. பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுத வைப்பார், சண்டை விலக்குவார், மூக்கைத் துடைத்துவிடுவார். ஒன்பது மணிக்கு நாங்கள் போகும்போது பாதிப் பிள்ளைகள் காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த அறையை நடத்துவது மாநில அரசின் சமவாய்ப்பு நிதி. வசதியில்லாதவர்களும் பாதியில் நிறுத்தாமல் படித்து முடிக்கட்டும் என்று அரசு தரும் பணம் அது. அந்தப் பணம் எதற்குச் செலவாகும் என்பதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரி திட்டமாக எழுதித் தருகிறது. அரசு கொடுக்கிறது, நாங்கள் வாங்கத் தயாராக நிற்கிறோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்களே, மீதிக் கதை அதுதான்.

3. அந்த அறையில் தற்போது பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்துப் பெற்றோர். வெல்டிங் படிக்கும் திரு. நெங் மூவா தன் இரட்டைப் பையன்களை அழைத்து வருகிறார். அவர் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை வேலை. கணக்கியல் படிக்கும் திருமதி ஹர்லீன் தாண்டாவின் கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ஒரிகன் பக்கம் எங்கோ இருப்பார். பிள்ளைகள் அவரவர் டப்பாவில் ஒட்டரிசிச் சோறும் பராத்தாவும் சீஸ் வைத்து மடித்த தோர்த்தியா என்ற சோள ரொட்டியும் கொண்டு வருவார்கள். உட்கார்ந்த பிறகு எந்த டப்பா யாருடையது என்று எந்தப் பிள்ளைக்கும் நினைவிருக்காது. என் மகளுக்கு இப்போது தோர்த்தியா பிடிப்பதில்லை. பராத்தாதான் வேண்டுமாம்.

4. இனி குறைக்கு வருகிறேன்.

திட்ட வரைவின் பத்தொன்பதாம் பக்கத்தில் இவ்வாறு எழுதியிருக்கிறது: "மாலை அறை: ஐந்து மணிக்கு மேல் பயன்பாடு எதுவும் பதிவாகவில்லை. எனவே இவ்வறையை நவம்பர் இறுதியோடு நிறுத்தி, இடத்தையும் நிதியையும் மாணவர்களுக்கு மேலும் பயனுள்ள வகையில் மாற்றி அமைக்கலாம்."

எதுவும் பதிவாகவில்லை என்பது உண்மை. ஏன் பதிவாகவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பழைய நூலகக் கட்டடத்தின் வாசலில் ஒரு வருகைப் பதிவு இயந்திரம் இருக்கிறது. உள்ளே போகிறவர் தம் மாணவர் அட்டையை அதில் தேய்க்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று அது எண்ணி வைக்கும். அதையும் சமவாய்ப்பு நிதியில்தான் வாங்கினார்கள். ஆள் அசைவு தெரிந்தால் அது வாய் திறந்து பேசவும் செய்யும். இந்த இயந்திரம் தினமும் மாலை ஐந்து மணிக்கு அணைக்கப்படுகிறது. மாலை அறை ஐந்தரை மணிக்குத் திறக்கப்படுகிறது.

இயந்திரத்தை அணைப்பவர் முன்மேசை ஊழியர் திரு. டெர்ரி. அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மேலிடத்தில் சொன்னதைச் செய்கிறார். நான் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்கு அஞ்சு மணிக்கு ஷிஃப்ட் முடியுதும்மா. அத அப்படியே விட்டுட்டுப் போனா, காத்துல கதவு ஆடுனாக்கூட 'வாங்க, இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. துப்புரவுக்கு வர்ற மனுஷன் ரெண்டு தடவ பயந்துட்டாரு. அதான் அணைச்சிட்டுப் போன்னு சொல்லிட்டாங்க."

ஆக, கடையைப் பூட்டிவிட்டு, வியாபாரமே இல்லை என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

5. இதைக் கண்டறிந்தவுடன் நான் மகிழ்ச்சியோடுதான் ஓடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். கொட்டகையில் அப்படித்தான் நடக்கும். தராசு பழுது என்று தெரிந்தால் அன்றைய எடையை யாரும் நம்பமாட்டார்கள், மறுபடி நிறுப்பார்கள்.

சமவாய்ப்பு இயக்குநர் முனைவர் கேந்த்ரா விட்லாக் அவர்களைச் சந்தித்தேன். நல்ல மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், நான் பேசி முடிக்கும் வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நெரெய்டா, நீங்க சொல்றது எனக்கு நல்லாவே புரியுது. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எண் இல்லாம நான் ஒரு வரி எழுத முடியாது. ஆதாரம் எங்கன்னு அரசாங்கம் கேப்பாங்க."

இயந்திரம் அணைந்திருந்தால் எண் எப்படி வரும் என்று கேட்டேன்.

அதற்கு அவர், "ரொம்ப நல்ல பாயிண்ட். எழுதி வச்சுக்கறேன். அடுத்த திட்டத்துல கண்டிப்பா சேத்துரலாம்" என்றார்.

அடுத்த திட்டம் மூன்று ஆண்டு கழித்து வரும். அப்போது இட்செலுக்கு எட்டு வயதாகியிருக்கும். அதுவரை அவளை எங்கே வைத்துக்கொள்வது என்பதைத் திட்டம் கூறவில்லை.

இந்தத் திட்டத்தையே திருத்தக் கூடாதா என்று கேட்டேன். எழுதும் குழுவின் வேலை முடிந்துவிட்டது, இனி அறங்காவலர் குழுதான் கை வைக்க முடியும் என்றார். தவறு என்பதை மறுப்பவர் யாருமில்லை, ஐயா. டெர்ரி ஒப்புக்கொள்கிறார், இயக்குநர் ஒப்புக்கொள்கிறார், இயக்குநருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவரும் ஒப்புக்கொண்டார். திருத்துவதற்குத்தான் ஆளில்லை. என்னை அதட்டி அனுப்பியிருந்தால்கூடச் சண்டையாவது போட்டிருப்பேன். தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

6. மாணவர்களைக் கேட்டுத்தான் திட்டம் எழுதினோம் என்று வரைவின் முன்னுரை கூறுகிறது. கேட்டார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஏப்ரல் மாதம் 'செவிமடுக்கும் அமர்வு' என்று ஒன்று நடந்தது. மாலை வகுப்பு மாணவர்களின் தேவைகளை அறிவதற்கான அந்த அமர்வு பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டது. உடன் வேலை பார்க்கும் பெண் ஒருவரைக் கெஞ்சி என் இடத்தில் நிறுத்திவிட்டு நான் போனேன். அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அனைவரும் கல்லூரி அலுவலர்கள். மாணவர் என்று இருவர்தான். ஒருவர் நான். மற்றவர் பகல் வகுப்பு மாணவர். "பீட்சா தர்றாங்கன்னு சொன்னாங்க" என்று வெளிப்படையாகவே கூறினார். அவர் மட்டுமே வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போனார் என்று இப்போது தோன்றுகிறது.

அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாரும் எழுந்து பேசக் கூடாது. பின்பக்கம் பசை தடவிய சிறு வண்ணத் தாளில் அவரவர் தேவையை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு அலுவலர்கள் அந்தத் தாள்களை ஒரேமாதிரி இருப்பவையாகச் சேர்த்து, கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைப்பு வைப்பார்கள். நான் மஞ்சள் தாளில், "மாலை அறையை ஒன்பது மணி வரை தொடர்ந்து திறந்து வையுங்கள். வாசலில் விளக்கு வேண்டும், இருட்டாக இருக்கிறது" என்று எழுதி ஒட்டினேன். தாள் சிறியது, அதற்கு மேல் இடமில்லை.

என் தாளை 'மாணவர் விரும்பும் சூழல்' என்ற தலைப்பின் கீழ், நாற்காலி மெத்தென்று இருக்க வேண்டும், சுவரில் ஓவியம் வேண்டும் என்ற தாள்களோடு சேர்த்துவிட்டார்கள். விளக்கு என்று எழுதியதால் அங்கே போயிற்று என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். வரைவின் இருபதாம் பக்கத்தில் அது இப்படி வந்திருக்கிறது: "மாலை நேரத்திலும் ஒளிமிக்க, உயிரோட்டமான இடங்கள் வேண்டுமென மாணவர்கள் தெரிவித்தனர்." அதை நிறைவேற்றும் பொருட்டு 'நாம் ஒன்று' என்ற பெயரில் ஒரு கூடம் அமையவிருக்கிறது. ஊஞ்சல் நாற்காலிகளும் நிறம் மாறும் விளக்குகளும் வைப்பார்களாம். அமையும் இடம் பழைய நூலகக் கட்டடத்தின் தரைத்தளம், தற்போதைய மாலை அறை. திறந்திருக்கும் நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.

அறையைத் திறந்து வையுங்கள் என்று நான் எழுதிய தாளைக் காட்டித்தான் அறையை மூடுகிறார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் என்று கொட்டகையில் என்னைக் கேலி செய்கிறார்கள். அதுவும் அரைநாள் கூலியை விட்டுப் போய் வைத்துக்கொண்டது.

7. பார்வை 2-இல் குறிப்பிட்ட அட்டைப் படத்தைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பார்க்கவும். ஒரு பெண் மடியில் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு சிறுமி அதே புத்தகத்தில் எலும்புக்கூட்டுக்கு மீசை வரைந்துகொண்டிருக்கிறாள். நானும் இட்செலும்தான். அந்தப் படம் மாலை அறையில் எடுக்கப்பட்டது. பின்னாலுள்ள சன்னலில் இருட்டு தெரியும். எங்களுக்குப் பின்னால் மேசையடியில் கால்கள் மட்டும் தெரிவது நெங் மூவாவின் பையன்களுடையவை. படம் பிடிக்க வந்தவர் ஏழு மணிக்கு மேல் வந்து அரைமணி நேரம் இருந்தார். "இந்தக் கல்லூரியிலயே இந்த ரூம்ல மட்டுந்தாங்க உயிர் இருக்கு" என்று சொக்கோரோ அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு மேல் யாரும் வருவதில்லை என்று பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதிய திட்டத்துக்கு, ஏழு மணிக்கு எடுத்த எங்கள் படத்தை அட்டையாகப் போட்டிருக்கிறார்கள். நெங் மூவா அதைப் பார்த்துவிட்டு, "நாம போட்டோவுல நல்லா விழுறோம் அக்கா, கணக்குலதான் விழ மாட்டேங்கறோம்" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, ஐயா, இன்னும் தீரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே அந்தச் சுரைக்காய்க்கு என் மகளின் படத்தை ஒட்டி விற்கிறார்கள்.

8. அறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குக் கற்பனை அல்ல. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அறை பூட்டியிருந்தது. சொக்கோரோ அம்மாவைக் கட்டாயப் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பயிற்சியின் தலைப்பு 'மாணவரை வாசலிலேயே வரவேற்போம்'. நாங்கள் பத்துப் பேரும் அன்று வாசலில்தான் நின்றோம்.

மற்றவர்கள் பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்று பூனையை அறுத்துத் தசைகளை அடையாளம் காணும் பாடம் என்பதால் நான் இட்செலையும் அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஆசிரியர் திரு. பெட்ரோசியன் ஒரு கணம் யோசித்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. கதவுப் பக்கம் உக்காரட்டும். பாதுகாப்பு அதிகாரி மட்டும் இந்தப் பக்கம் வராம இருக்கணும்" என்றார். பாதுகாப்பு அதிகாரி வந்தார். மருந்தில் ஊறிய உடல் இருக்கும் இடத்தில் குழந்தை இருக்கக் கூடாது என்பது விதி. விதி சரியானது, குழந்தையின் நுரையீரலுக்கு அது ஆகாது என்று எனக்கே தெரியும், அதே பாடத்தில்தான் படித்தேன். இருவரும் வெளியேறினோம். அன்று எனக்கு வருகை இல்லை என்று குறிக்கப்பட்டது.

அதற்குள் இட்செல் மேசைமேல் கிடந்த பூனையைப் பார்த்துவிட்டாள். வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். இருக்கையில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டும்போது கேட்டாள்: "அம்மா, அந்தப் பூனைய எப்ப தச்சு அது வீட்டுக்கு அனுப்புவீங்க?"

நீ தூங்கு என்றேன். அவள் தூங்கவில்லை. அன்று முதல் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான்.

ஆய்வுக்கூட வகுப்புக்கு இரண்டு முறை வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். ஒன்று போய்விட்டது. அறை நவம்பரோடு மூடப்பட்டால் டிசம்பர் முதல் வாரமே இரண்டாவதும் போய்விடும். இந்தப் பாடத்தின் மாலைப் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. இடம் கிடைக்க நான் இருமுறை காத்திருந்தேன். பெயர் நீங்கினால் செவிலியர் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லையென்றால் ஆரஞ்சுப் பட்டைதான். அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை. முதுகு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்கிறேன்.

9. மாற்று ஏற்பாடு தரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தந்தார்கள். ஊரிலுள்ள தனியார் குழந்தைக் காப்பகங்களின் முகவரிகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். நானும் ஹர்லீனும் உட்கார்ந்து அனைத்துக்கும் தொலைபேசினோம். அனைத்தும் ஆறு மணிக்கு மூடுகின்றன. வீட்டிலிருந்தபடியே கணினியில் ஆய்வுக்கூட வகுப்பில் சேரலாம் என்றார்கள். செவிலியர் பிரிவு அதை ஏற்பதில்லை என்று அதே கல்லூரியின் செவிலியர் பிரிவே கூறுகிறது. இறுதியாக ஒரு ஆலோசகர், "குடும்பத்துல யாராவது கொஞ்ச நேரம் பாத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். என் அம்மா எல்லைக்கு அப்பால் மிச்சோவாகானில் இருக்கிறார். என் அக்கா கோழி இறைச்சி ஆலையில் மாலை வேலை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றால் நாங்கள் ஏன் உங்கள் வாசலில் நிற்கிறோம் என்று கேட்க நா வரை வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சொக்கோரோ அம்மா பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் இறுதிக்குப் பின் அவருக்கு இங்கே வேலை இல்லை. "என் அறைய மூடப்போறவங்களே என்னைய கூப்பிட்டு வரவேற்கச் சொல்லிக் குடுத்தாங்கம்மா. சான்றிதழ்கூட இருக்கு, சட்டம் போட்டு மாட்டவா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. எங்களையும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்.

10. நவம்பர் 18 கூட்டத்தின் நிரலைப் பார்த்தேன். சமவாய்ப்புத் திட்டம் ஒப்புதல் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலிலுள்ள அனைத்தும் விவாதமின்றி ஒரே கையுயர்த்தலில் நிறைவேறிவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. புல்வெட்டும் ஒப்பந்தத்துக்கும் நீச்சல்குள மருந்து வாங்குவதற்கும் நடுவில் எங்கள் அறை ஒரு வரியாக இருக்கிறது. கை உயர்த்துபவர்களில் ஒருவரேனும் பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்திருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

ஆனால் உறுப்பினர் ஒருவர் வாய் திறந்து கேட்டால் போதும், ஒரு வரியைப் பட்டியலிலிருந்து தனியே எடுத்து விவாதிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. எழுவரில் ஒருவர் போதும்.

ஆகவே வேண்டிக்கொள்வது:

அ) சமவாய்ப்புத் திட்டத்தை ஒப்புதல் பட்டியலிலிருந்து தனியே எடுக்க வேண்டும்.

ஆ) அணைந்திருந்த இயந்திரத்தின் எண்ணை ஆதாரமாகக் கொண்ட பத்தொன்பதாம் பக்கத்தை நீக்கி, மாலை அறையை அதே நிதியில், அதே இடத்தில், சொக்கோரோ அம்மாவின் பொறுப்பிலேயே தொடர வேண்டும். ஊஞ்சல் நாற்காலிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு அறையில் ஆடட்டும்.

இ) இவை இரண்டும் முடியாதென்றால், அட்டையிலிருந்து எங்கள் படத்தை எடுத்துவிட வேண்டும்.

11. கூட்டத்தில் நாங்கள் நேரில் பேச முடியாததற்கு மேலே காரணம் கூறியிருக்கிறேன். பத்துப் பேரும் கூடிப் பேசியதில் வேறொரு வழி தோன்றியது. அதை முன்கூட்டியே தங்களுக்குத் தெரிவிப்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் கூட்ட மண்டபம் ஆய்வுக்கூடத்துக்கு எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறது. செவ்வாய் மாலை அங்கே விளக்கு எரியும், வெப்பமூட்டி ஓடும், பொறுப்புள்ள பெரியவர்கள் எழுவர் இருப்பீர்கள். காவலரும் உண்டு. கூட்டத்துக்குப் பொதுமக்கள் எந்த வயதினரும் வரலாம் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. சொக்கோரோ அம்மா அன்று மாலை விடுப்பு எடுத்துக்கொண்டு, பொதுமக்களில் ஒருவராகக் கூட்டம் பார்க்க வருகிறார். அவர் பின்னாலேயே பிள்ளைகளும் வருவார்கள். நாங்கள் அவர்களை உள்ளே விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவோம். ஒன்பது மணிக்கு வந்து அழைத்துக்கொள்வோம். சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுகிறோம். தங்களுக்கும் பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் பழக்கம்.

தங்களிடம் ஒரே ஒரு சிறு உதவி மட்டும் கேட்கிறோம். பழைய நூலக வாசலிலுள்ள அந்த வருகைப் பதிவு இயந்திரத்தை அன்று ஒரு நாள் மட்டும் தூக்கி வந்து மண்டப வாசலில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு அணைக்க வேண்டாம். பதினான்கு பிள்ளைகளும் வரிசையாக உள்ளே வரும்போது அது ஒவ்வொருவரையும், வாங்க, இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு, நாங்கள் தேய்க்கும் அட்டைகளை எண்ணட்டும். எண் வந்த பிறகு கை உயர்த்துங்கள்.

இடம்: லாஸ் கார்சாஸ்
நாள்: 7 நவம்பர் 2025

பட்டை ஓடத் தொடங்குவதற்கு முன் எழுதி முடித்த,
தங்கள் கல்லூரியின் அட்டைப்பட மாணவி,

(ஒப்பம்)
நெரெய்டா வியாசென்யோர்

உடன் ஒப்பமிட்டோர்: நெங் மூவா, ஹர்லீன் தாண்டா மற்றும் ஏழு பெற்றோர்.

இணைப்பு: பிள்ளைகளைப் பற்றி அன்று மாலை தாங்கள் அறிந்திருக்க வேண்டியவை

திருமதி தாண்டாவின் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது.

நெங் மூவாவின் இரட்டையரில் இளையவன் கடிப்பான். மூத்தவன் கடிக்கமாட்டான். இருவரும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள்.

சிறியவர்கள் எட்டு மணி வாக்கில் தூங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம். கூட்டத்தை மெதுவாக நடத்தினால் போதும்.

இட்செல் தங்களிடம் பூனையைப் பற்றிக் கேட்பாள். பதில் சொல்ல வேண்டியதில்லை. அம்மா எதிர்க் கட்டடத்தில்தான் படித்துக்கொண்டிருக்கிறாள், ஒன்பது மணிக்கு வந்து சொல்வாள் என்று மட்டும் சொல்லவும்.